அம்மாவுக்கு அருவி கேட்டது

நார்வேயின் ஃப்லோம் கிராமத்துக்கும் குட்வாங்கனுக்கும் இடையே மின்சாரப் படகு ஓட்டும் கேப்டன்களுக்கும் மாலுமிகளுக்கும், அந்தப் படகைக் கட்டிய பட்டறைக்காரர்களுக்கும், குட்வாங்கன் துறையில் அதற்கு மின்சாரம் ஏற்றித் தருபவர்களுக்கும்,



நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்திலிருந்து எழுதுகிறேன். காவிரிக் கரையில் இருக்கும் விசைத்தறி ஊர். உங்களில் யாருக்கும் தமிழ் தெரிந்திருக்காது. ஓஸ்லோவில் வேலை பார்க்கும் என் தங்கை இதை உங்கள் மொழியில் எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்படியும் இதைத் தமிழில், எல்லாரும் படிக்கும்படி எழுதக் காரணம் உண்டு. நீங்கள் செய்திருக்கும் காரியம் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் தெரிய வேண்டும். சத்தத்தோடு பிழைக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை முழுதாகப் புரியும்.

என் அம்மா சின்ன வயதிலேயே தறிப்பட்டறைக்குப் போனவர். முதலில் நாடாவுக்குள் வைக்கும் நூல்கண்டான தார் போட்டார், பிறகு தறி ஓட்டினார். விசைத்தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பாய வேண்டுமானால் அதைக் கட்டையால் அடித்துத்தான் அனுப்ப வேண்டும். நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல். ஒரே கொட்டகையில் இருபது, முப்பது தறிகள். எட்டு மணி நேரம் தினமும் 85 டெசிபலுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் காது கெடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தறிக்கொட்டகையின் சத்தம் 90-ஐச் சாதாரணமாகத் தாண்டும். உட்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் ஒருமுறை பட்டுப்போனால் மறுபடி முளைப்பதில்லை. கூர்மையான ஒலிகள் முதலில் போகும். பறவைக்குரல், பேரப்பிள்ளையின் மழலை, பேச்சில் வரும் மெல்லிய எழுத்துகள் எல்லாம் அதில் அடக்கம். எதிரில் இருப்பவர் பேசுகிறார் என்பது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது.

அம்மாவுக்குக் காது மெஷின் வாங்கினோம். வீட்டில் உதவியது. பஸ்ஸிலும் ரயிலிலும் அது எதிரியாயிற்று. மெஷின் எல்லா ஒலியையும் கூட்டித் தருகிறது. இன்ஜின் உறுமலையும் சேர்த்தே கூட்டுகிறது. அதனால் வண்டி ஏறியதும் கட்டைவிரலால் மெஷினை அணைத்துவிடுவது அவர் வழக்கம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊமைப்படம் பார்ப்பதுபோல ஊர்களைப் பார்த்துக்கொண்டு வருவார். பிள்ளைகள் நாங்கள் எத்தனையோ இடங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறோம். வழிநெடுக அவரோடு பேசியதில்லை.

ஜூன் மாதம் அம்மாவும் தங்கையும் நானும் ஃப்லோமில் உங்கள் படகில் ஏறினோம். இருக்கையில் உட்கார்ந்ததும் அம்மாவின் கை வழக்கம்போல் காதுக்குப் போயிற்று. விரல் மெஷின் மேல் இருந்தது, இன்ஜின் கிளம்பும் வரை பொறுத்து அணைக்கலாம் என்று காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே துறையின் மரக்கட்டைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

“ஏங் கண்ணு, இன்னும் ஸ்டார்ட் பண்ணலியா?” என்றார்.

“போயிட்டுத்தான் இருக்குதுங்கம்மா,” என்றேன்.

அவர் எழுந்து நின்று கரையைப் பார்த்தார். பிறகு கையைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குட்வாங்கன் போய்ச் சேரும் வரைக்கும், இரண்டு மணி நேரமும், அந்த மெஷினை அவர் அணைக்கவே இல்லை. இந்த மடலை எழுதவைத்தது அதுதான்.

என்ன படகு இது என்று அம்மா கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். பெயர் ‘ஃபியூச்சர் ஆஃப் தி ஃபியோர்ட்ஸ்’. 2018இல் ஓடத் தொடங்கியது. 400 பேர் ஏறலாம். டீசல் கிடையவே கிடையாது. அடியில் 1,800 யூனிட் பிடிக்கும் பேட்டரி, 450 கிலோவாட் மோட்டார் இரண்டு. கிலோவாட் என்றால் அம்மாவுக்குப் பிடிபடாது. “எத்தன எச்.பி.?” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மோட்டாரும் சேர்ந்தால் சுமார் 1,200 எச்.பி. எங்கள் ஊரில் ஒரு தறிக்கு ஒரு எச்.பி. மோட்டார் போடுவார்கள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “ஆயிரத்தி எரநூறு தறியா? ஓடறதே தெரியலயே சாமி,” என்றார். சத்தம் என்பது வேலைக்குக் கொடுத்தே ஆகவேண்டிய கூலி என்று வாழ்நாளெல்லாம் நம்பிய ஒருவர் கேட்ட கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம் இருக்கிறது, அதைக் கட்டியும் காட்டிவிட்டீர்கள்.

மேல்தளத்துக்குப் போகப் படிக்கட்டைத் தேடினோம். படகின் வெளிப்புறத்திலேயே மெல்லச் சரிந்து ஏறும் நடைபாதை இருந்தது. உங்கள் மலைகளில் வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்து வடிவமைத்தது என்று பிறகு படித்தேன். முட்டிவலிக்காரரான அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் வேறொரு மலை தெரிந்ததால் நிற்பதற்கு அவருக்குச் சாக்கும் கிடைத்தது.

மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் ஆவுர்லண்ட் ஃபியோர்டு வழியாக வடக்கே போகும்போது உண்ட்ரெடால் வந்தது. மலையிடுக்கில் சில வீடுகள். அவற்றுக்கு நடுவே 12ஆம் நூற்றாண்டின் சின்னஞ்சிறு மரத்தேவாலயம். உள்ளே நாற்பது பேர் உட்காரலாம். ஆட்களைவிட ஆடுகள் அதிகமுள்ள ஊர். வெள்ளாட்டுப் பாலில் செய்யும் பழுப்புநிறப் பாலாடைக் கட்டிக்குப் பேர் போனது. 1988இல்தான் அங்கே சாலை வந்திருக்கிறது. அதுவரை கல்யாணமோ சாவோ பிரசவமோ, எதுவானாலும் படகு. இதை நினைத்தால் உங்கள் வேலைக்கு எவ்வளவு பழைய வேர் இருக்கிறது என்று தெரிகிறது. இன்று எங்களைப்போன்ற வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வருகிற இதே தண்ணீர்தான் அவர்களுக்குத் தெருவாக இருந்திருக்கிறது.

உங்கள் பணிப்பெண் ஒருவருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அவருக்கே தெரியும். ஒலிபெருக்கியில் வந்த ஆங்கில விளக்கம் அம்மாவுக்கு எட்டவில்லை என்பதைக் கவனித்து அவராகவே வந்து அம்மாவின் நேர் எதிரில் நின்றார். கிழக்குப் பக்கம் மலையில் 300 மீட்டருக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டைக் காட்டினார். ஸ்டீகன் பண்ணை. பிறகு பேச்சே இல்லாமல் கையால் ஒரு கதை சொன்னார். இரண்டு கையாலும் ஏணியில் ஏறினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விரலைத் தேய்த்துப் பணம் கேட்டு, வரி வசூலிக்க வந்த அதிகாரி ஆனார். மறுபடி வீட்டுக்காரராகி ஏணியை மடமடவென்று மேலே இழுத்துக்கொண்டார். செங்குத்தான பாறையில் இருந்த பண்ணைவீட்டுக்காரர்கள் வரி கேட்டு வந்தால் இப்படிச் செய்வார்கள் என்று அந்தப் பக்கம் சொல்வார்களாம்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தறிக்கொட்டகையில் யாரும் வாயால் பேச மாட்டார்கள், பேசினாலும் கேட்காது. ஊடை அறுந்தது, தார் தீர்ந்தது, முதலாளி வருகிறார், டீ வந்துவிட்டது எல்லாமே கை ஜாடைதான். அம்மா பதிலுக்கு ‘முதலாளி வருகிறார்’ என்பதைச் செய்து காட்டினார். அந்தப் பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு பேரும் அங்கேயே நின்று ஐந்து பத்து நிமிடம் பேசினார்கள். என் தங்கை மொழிபெயர்க்க வாய் திறந்து, தேவையில்லை என்று மூடிக்கொண்டாள்.

பெய்டெலன் முனையைச் சுற்றி இடப்பக்கம் திரும்பியதும் நேரோய்ஃபியோர்டு. அதுவரை விரிந்து கிடந்த வானம் இரண்டு சுவருக்கு நடுவே ஒரு பட்டையாகச் சுருங்கிற்று. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். பாறைச்சுவர்கள் தண்ணீரிலிருந்து 1,400 மீட்டர் வரை எழுகின்றன. யுனெஸ்கோ 2005இல் இதையும் வடக்கே உள்ள கெய்ராங்கர் ஃபியோர்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, உலகின் ஃபியோர்டு நிலப்பரப்புகளுக்கு இவையே மூல மாதிரி என்ற பொருளில் எழுதியது. படகு வேகத்தைக் குறைத்தது. அப்போதுதான் அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பினார். அந்தத் திசையில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. படகு ஒரு பாறையைக் கடந்தபிறகுதான் அருவி கண்ணில் பட்டது. அவர் அதை முன்பே கேட்டுவிட்டார். அருவியின் இரைச்சலில் கனத்த ஒலிகள் நிறைய. அம்மாவின் காதில் மிச்சம் இருப்பவையும் அவைதான். இன்ஜின் உறுமினால் அது முதலில் விழுங்குவதும் அந்தக் கனத்த ஒலிகளையே. உங்கள் படகு உறுமவில்லை. ஆகவே அவை அவரிடம் வந்து சேர்ந்தன.

எல்லாம் கேட்டது என்று சொல்ல மாட்டேன். கரையோரம் கத்திய பறவைகள் அவருக்குக் கேட்கவில்லை. அவற்றுக்கான செவி போனது போனதுதான். ஆனால் படகின் அடியில் தண்ணீர் கிழிபடுவது கேட்டது, அருவிகள் ஒவ்வொன்றும் வேறுவேறாகக் கேட்டன. “இது பாறையில பட்டு வருது, அது நேராத் தண்ணியில உழுது,” என்று பார்க்காமலே பிரித்துச் சொன்னார். தறியின் சத்தம் அரைக்கால் மாறினாலே எந்தத் தறி, என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறவர் அவர். அந்தக் கூர்மையை அவர் ஓர் அழகான விஷயத்துக்குப் பயன்படுத்தி நான் பார்த்தது அங்கேதான்.

“தண்ணி ஏன் இப்பிடிக் குதிக்குது? நம்மூர் ஆறாட்டம் சரிவுல எறங்கி வராதா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள்தான் ஃபியோர்டின் கதை முழுக்க இருக்கிறது. பனியூழிகளில் இந்த மலைகளை மூடியிருந்த பனிப்பாளம் கிலோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்டது. ஏற்கெனவே ஆறுகள் அறுத்து வைத்திருந்த பள்ளங்களின் வழியே அது கடலை நோக்கி நகர்ந்தது. அடியில் சிக்கிய கற்களை இழுத்துக்கொண்டு பாறையை அரைத்தது. வந்து, உருகிப் பின்வாங்கி, மறுபடி வந்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது. பெரும்பள்ளத்தில் பனி கனமாக இருந்ததால் ஆழமாகத் தோண்டிற்று. பக்கத்துச் சிறுபள்ளங்களில் இருந்த மெல்லிய பனியால் அந்த ஆழத்துக்குப் போக முடியவில்லை. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி போய்க் கடல் உள்ளே வந்தபோது சிறுபள்ளங்கள் எல்லாம் சுவரில் பாதி உயரத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டன. அவற்றில் வரும் ஓடைக்கு இறங்குவதற்குச் சரிவே இல்லை. குதித்துத்தான் ஆக வேண்டும். ஜூன் மாதம் மேலே பனி உருகும் காலம் என்பதால் எந்தப் பக்கம் பார்த்தாலும் குதித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கிளைகள் எல்லாம் போய்ச் சேரும் சோக்னெ ஃபியோர்டு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதிகபட்ச ஆழம் 1,300 மீட்டருக்கும் மேல். கடலைத் தொடும் வாயில் மட்டும் ஆழம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பனி அங்கே பரவி, மெலிந்து, தோண்டும் பலத்தை இழந்ததே காரணம். இதை வரைந்து காட்டியபோது அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஸ்டீவி என்ற ஒதுக்குப்புறப் பண்ணையருகே தண்ணீரோரமாக ஒரு பழைய பாதை தெரிந்தது. 1647இல் தொடங்கிய அரச தபால் வழியின் ஒரு துண்டு. ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே கடிதம் போன வழி. கோடையில் தபால் படகில் வரும். குளிர்காலத்தில் ஃபியோர்டு உறையும். படகு போக முடியாத அளவுக்குக் கெட்டியாகவும், ஆள் நடக்க முடியாத அளவுக்கு மெல்லியதாகவும் பனி இருக்கும் நாட்களில் தபால்காரர் இந்தக் கரைப்பாதையில் நடந்திருக்கிறார். மேலேயிருந்து பனிச்சரிவு விழும் கரை அது. இத்தனை சிரமப்பட்டு இந்தப் பள்ளத்தாக்கில் மனிதர்கள் ஒருவரையொருவர் எட்டியிருக்கிறார்கள்.

குட்வாங்கனில் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். அம்மா நகரவில்லை, சார்ஜ் ஏற்றுவதைப் பார்க்க வேண்டும் என்றார். துறையே ஒரு மிதவை. சுமார் 40 மீட்டர் நீளம், அதன் வயிற்றுக்குள் 2,400 யூனிட் பேட்டரி. இது ஏன் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். குட்வாங்கன் சிறிய ஊர், அங்கே வரும் மின்கம்பி ஒல்லியானது. அவ்வளவு பெரிய படகு ஒரே மூச்சில் இழுத்தால் தாங்காது. ஆகவே மிதவை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. படகு வந்ததும் இருபது நிமிடத்தில் கொட்டிவிடுகிறது. எங்கள் ஊரில் சின்ன மோட்டார் ராவெல்லாம் ஓடி மேல்நிலைத் தொட்டியை நிரப்பும், காலையில் எல்லாக் குழாயிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் பாயும். அம்மாவுக்கு இந்த உதாரணம் போதுமானதாக இருந்தது. கம்பி ஒல்லி என்பதைக் காரணம் காட்டி டீசலிலேயே இருந்திருக்கலாம் நீங்கள். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் பகுதிக்கு இது புதிதல்ல என்பதும் தெரியும். உலகின் முதல் முழு மின்சாரக் கார்ப்படகான ‘ஆம்பியர்’, 2015இல் இதே சோக்னெ ஃபியோர்டில் லாவிக்குக்கும் ஒப்பெடாலுக்கும் நடுவேதான் ஓடத் தொடங்கியது. அங்கும் கம்பி ஒல்லிதான், அங்கும் கரையில் பேட்டரி வைத்தே சமாளித்தார்கள். நார்வேயின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்து வருகிறது. அதாவது மலைமேலிருந்து விழும் தண்ணீர்தான் உங்கள் படகையும் தள்ளுகிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. ஆவுர்லண்ட் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் வந்தபோது ஓடைகள் குழாய்க்குள் போயின, அன்றைக்கு எதிர்ப்பும் இருந்தது. அதை மறைத்துப் பாராட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. விலை கொடுத்து வாங்கிய மின்சாரத்தை இங்கே சரியான இடத்தில் செலவு செய்திருக்கிறீர்கள் என்பதே என் எண்ணம்.

ஒல்லியான பள்ளத்தாக்கில் புகை போவதற்கு வழியில்லை. காற்றில்லாத நாளில் அது இரு சுவருக்கும் நடுவே தொங்கிக்கொண்டே இருக்கும். உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் 2026க்குள் புகையில்லாத கப்பல்களே ஓட வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்றம் 2018இல் தீர்மானம் போட்டது. பிறகு சிறிய கப்பல்களுக்கு மட்டும் 2026 ஜனவரி என்று வைத்துக்கொண்டு, 10,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு 2032 வரை தவணை கொடுத்துவிட்டார்கள். அதிகம் புகைவிடுகிறவர்களுக்குத்தான் அதிக அவகாசம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான்: தவணை முடியும் வரை நீங்கள் காத்திருக்கவில்லை. 2016இலேயே பாதி மின்சாரப் படகு விட்டீர்கள், தீர்மானம் வந்த அதே ஆண்டில் முழு மின்சாரப் படகே தண்ணீரில் இருந்தது.

ஹீயன் கிராமத்துப் ‘புரோட்ரெனே ஓ’ படகுப் பட்டறைக்காரர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1947இல் மரப்படகு கட்டத் தொடங்கிய பட்டறை இன்று கார்பன் நாரில் படகு வார்க்கிறது. உடல் லேசாக இருப்பதால்தான் அந்தப் பேட்டரிக்கு அது இழுபடுகிறது. கரையை அரிக்கிற பெரிய அலை எழாதபடி அடிப்பாகத்தைச் செதுக்கியிருக்கிறீர்கள். படகு போனபின் திரும்பிப் பார்த்தேன், பழைய படகுக் கொட்டகைகளின் காலடியில் தண்ணீர் லேசாக ஏறி இறங்கியதோடு சரி. அதைக் கவனித்துச் செய்திருக்கிறீர்கள் என்பதைக் கவனித்த ஒருவன் சொல்கிறேன், மிக்க நன்றி.

இனி வருவது அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. மாற்றாமல் தருகிறேன்:

“அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு கண்ணு, ஏணிக் கதைய நம்ம பட்டறையில எல்லார்கிட்டயும் கையாலயே சொல்லிட்டேன்னு. எல்லாரும் நம்பிட்டாங்க. அப்பறம் கரண்டு நின்னு போச்சுன்னா அந்த மெதவையில எத்தன நடைக்கு வரும்னு கேளு. மோட்டாரு ரூமுக்குள்ள நிக்கறவங்களுக்கும் சத்தமில்லாமத்தான் இருக்குதா, இல்ல அவங்க காதுல பஞ்சு வெச்சுக்கறாங்களான்னு கேளு. பதிலு எழுதச் சங்கடமா இருந்தா வேண்டாம். மோட்டார மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. நம்ம பிட்டருக்குக் காட்டோணும்.”


குமாரபாளையத்துத் தறிக்காரம்மாவின் மகன்